புங்கன் எண்ணெயில் ஆயில் இன்ஜின்: நாசில் அடிக்கடி கரி பிடிக்குது, வழி சொல்லுங்க

கேள்வி (தோட்டத்துக்காரர், அந்தியூர் பக்கம்)
வணக்கங்க. அப்பா காலத்து 5 எச்.பி. ஒத்தை சிலிண்டர் ஆயில் இன்ஜின். கரண்ட் சர்வீசுக்கு எழுதிக் கொடுத்துட்டுக் காத்திருக்கோம், அதுவரை கிணத்துக்கு இதுதான் துணை. டீசல் 90 ரூபாயைத் தாண்டினதால, வேலியோரப் புங்கங்கொட்டையைச் செக்குல ஆட்டி, துணியில் வடிகட்டி, டீசலோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துறேன். முதல் மாசம் நல்லா ஓடுச்சு. இப்ப மூணாவது மாசம். காலையில் ஹேண்டில் போட்டுச் சுத்தியே தோள் இறங்கிப்போகுது. பிடிச்சதும் வெள்ளைப் புகை, கண்ணு எரியுது. தண்ணியும் முக்கால் குழாய்தான் வருது. சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிற நாசிலைக் கழட்டினா நுனியில் கரி பூ மாதிரி விரிஞ்சு நிக்குது. சுத்தம் பண்ணினா பத்து நாள் தாங்கும், அப்புறம் அதே கதை. புது நாசில் போடணுமா, டீசல் பம்ப் போயிடுச்சா?

பதில் (ஆயில் இன்ஜின் மெக்கானிக், பெருந்துறை)
தம்பி, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. இன்ஜினை நிறுத்தறது கலவையிலயா, டீசல்லயா? டிப்ஸ்டிக்ல, அதான் ஆயில் அளவு பார்க்கற கம்பியில, இன்ஜின் ஆயில் எங்க நிக்குது? இன்ஜினைச் சுத்தி வெளிய வர்ற தண்ணி எவ்வளவு சூடு?

கேட்டவர்
கலவையிலயே நிறுத்திடுவேங்க அண்ணா. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை நிக்குது, நான் ஊத்தவே இல்லை. தொட்டா பாகு மாதிரி கம்பி இழுக்குது. டெலிவரி பைப்புல இருந்து இன்ஜினுக்குத் தண்ணி விட்டிருக்கேன், வெளிய ஜில்லுன்னுதான் வருது.

மெக்கானிக்
அப்படின்னா இனி ஒரு சுத்துகூட ஓட்டாதீங்க. கோளாறு நாசில்ல இல்லை. புங்கன் எண்ணெய் டீசலைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு தடிப்பு. பாதி கலந்தாலும் குளிர்ந்த இன்ஜின்ல அது பனி மாதிரி பொடியாத் தெளிக்காது, தாரையா விழும். எரியாத மிச்சம் நாசில்ல கரியாகும், பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் காடியில் பிசினாப் பிடிக்கும். ரிங் ஒட்டினதும் அந்த எண்ணெய் லைனர் (சிலிண்டரோட உள்சுவர்) வழியா இறங்கி இன்ஜின் ஆயில்ல சேர்ந்து அங்கயே திரளும். இப்படியே ஓட்டினா பேரிங் பிடிச்சுக்கும்.

ஆயிலைச் சுத்தமா வடிச்சிடுங்க. ஹெட்டைக் கழட்டி பிஸ்டனை வெளிய எடுங்க, ரிங்கை டீசல்ல ஊற வெச்சு, ஒட்டினதை விடுபட வையுங்க. நாசிலைப் பித்தளை பிரஷ்ல தேய்ச்சு, டெஸ்டர்ல தெளிப்பைப் பார்த்துட்டு மாட்டுங்க.

1900-லயே பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடியிருக்கு. எண்ணெயே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் சூடா இருக்கணும், அவ்வளவுதான். தண்ணி வால்வைக் குறைச்சு, வெளிய வர்ற தண்ணி கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டு வாங்க. எண்ணெய்க்குத் தனி டேங்க் வெச்சு, குழாயைச் சைலன்சர் ஓரமாக் கொண்டு வந்து 70, 80 டிகிரிக்குச் சூடாக்கணும். செப்புக் குழாய் வேண்டாம், எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துடும். டீசல்ல ஸ்டார்ட் பண்ணுங்க, சூடேறினப்புறம் எண்ணெய்க்கு மாத்துங்க, நிறுத்தறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி திரும்ப டீசலுக்கு வந்துடுங்க. இது முடியாதுன்னா அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கலக்காதீங்க. எப்படி ஓட்டினாலும் டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்க.

கேட்டவர்
மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் போட்டு வீட்டுலயே பயோடீசல் பண்ணலாம்னு ஒருத்தர் சொல்றாருங்களே?

பதில் (வேதியியல் ஆசிரியை, கோவை)
பண்ணிட்டா தடிப்பு டீசலை நெருங்கிடும், உண்மைதான். ஆனா புங்கன் எண்ணெய்ல, அதுவும் நாள்பட்ட கொட்டையில், தனியாப் பிரிஞ்ச கொழுப்பு அமிலம் அதிகம். நேரா காஸ்டிக் போட்டா பாதி சோப்பாயிடும். அதைக் குறைக்க முதல்ல கந்தக அமிலம் வெச்சு ஒரு கட்டம், அப்புறம்தான் காஸ்டிக். மெத்தனால் கொடிய விஷம், பத்தினா சுடர் பகல்ல கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துல கலந்து அத்தனை உயிரைக் குடிச்சது அதுதான். தமிழ்நாட்டுல உரிமம் இல்லாம வெச்சிருக்கவும் கூடாது. குழந்தைங்க ஓடியாடற வீட்டுல தயவுசெஞ்சு வேண்டாங்க.

கேட்டவர் (12 நாள் கழிச்சு)
பிஸ்டனைக் கழட்டினோம். மேல் ரெண்டு ரிங்கும் ஒட்டிக் கிடந்துச்சு, அண்ணா சொன்னபடிதான். புது ஆயில் ஊத்தி, தண்ணி வால்வைக் கால்வாசிக்குக் குறைச்சிருக்கேன். இப்போதைக்கு வெறும் டீசல்தான். ரெண்டு சுத்துல பிடிச்சுக்குது, புகை இல்லை, குழாய் நிறையத் தண்ணி வருது. ரெண்டாவது டேங்குக்கு லேத்துல சொல்லியிருக்கேன். எண்ணெய்க்கு மாத்தினதும் டிப்ஸ்டிக் கணக்கோட வர்றேனுங்க.