எஸ்எல் 350-ஆ, 500-ஆ? நாளைக்குப் பார்க்கப் போறன், அவசரம்

ஈஸ்ட்ஹாம்_ரூபன் | சனி மாலை 6.12
வணக்கம். பழைய பென்ஸ் எஸ்எல் ரெண்டு பார்த்து வச்சிருக்கிறன், கூரை மடியிற மொடல். ஒண்டு 350, மற்றது 500. 500 ஒரு ஆயிரம் பவுண்ட் கூட, அவ்வளவுதான். ரெண்டும் கறுப்பு, உள்ளுக்கு தோல் சீற். வேலைக்கு ஓட இல்லை, சனி ஞாயிறுக்குத்தான். 350 பெற்றோல் குறைவாக் குடிக்கும் எண்டு நினைக்கிறன். எந்த எஞ்சின் பிரச்சினை குறைவு? நாளைக்குக் காலமை போறன், கெதியாச் சொல்லுங்கோ.

வி8_வேலன் | 6.19
500. யோசிக்கவே வேணாம். 5 லிட்டர் எம்113 எஞ்சின், 306 குதிரை, டைமிங் செயின் இழுபடாது, பேலன்ஸ் ஷாஃப்ட் (அதிர்வைக் குறைக்கிற தண்டு) கிடையாது. ஆயில் மாத்திக்கிட்டே இருந்தா உங்க பேரன் ஓட்டுவான். 350-ஐ வாங்கிட்டு ஒவ்வொரு சிக்னல்லயும் வருத்தப்படாதீங்க.

நட்டு_போல்ட் | 6.23
வருஷம்? மைல்? லண்டனா வெளியூரா? உலோகக் கூரைன்னா ஆர்230 அல்லது ஆர்231 தலைமுறை. ரெண்டுலயும் 350, 500 உண்டு, எஞ்சின் வேற வேற.

ஸ்பானர்_சாமி | 6.31
கலரையும் சீட்டையும் சொன்னவர் வருஷத்தைச் சொல்லலை. வேலன் அதையும் கேட்காம பேரன் வரைக்கும் போயிட்டார். இந்தக் கேள்வி இங்க மாசத்துக்கு ஒரு தடவை வருது, தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. பின்னாடி ஒட்டியிருக்கிற எண் எஞ்சினைச் சொல்லாது. ஆர்230-ல '500' ரெண்டு எஞ்சின், '350' ரெண்டு எஞ்சின்.

ஈஸ்ட்ஹாம்_ரூபன் | 6.40
மன்னிக்கவும் அண்ணை, அவசரத்தில விட்டுட்டன். ரெண்டும் ஆர்230. 350: 55 பிளேட் (2005 செப்டம்பர் - 2006 பெப்ரவரி பதிவு), 78 ஆயிரம் மைல், 5 கியர் ஓட்டோ எண்டு விளம்பரத்தில இருக்கு. 500: 06 பிளேட் (2006 மார்ச் - ஓகஸ்ட்), 64 ஆயிரம் மைல். நான் லண்டன்தான்.

ஸ்பானர்_சாமி | 6.58
இப்பதான் பேச ஏதோ இருக்கு.

55 பிளேட் 350-ல இருக்கிறது பழைய எம்112, 3724 சிசி, 245 குதிரை. சிலிண்டருக்கு மூணு வால்வு, ரெண்டு ப்ளக். 5 கியர்னா 722.6 கியர் பெட்டி. வேகம் பெருசா இருக்காது, வண்டி 1.8 டன் பக்கம். ஆனா இந்த ஜோடியில பயந்து ஓடுற மாதிரி எதுவும் இல்லை. வால்வு கவர்லயும் அதுக்கு மேல இருக்கிற பிரீதர் மூடியிலயும் ஆயில் கசியும். கிராங்க் சென்சார் போனா, சூடா இருக்கும்போது அணைச்ச வண்டி ஆறும் வரை ஸ்டார்ட் ஆகாது. பெட்டியில 13 பின் கனெக்டரோட ஓ-ரிங் கசிஞ்சு ஆயில் வயரிங் வழியா கியர் கம்ப்யூட்டர் வரைக்கும் ஏறும். சீக்கிரம் பிடிச்சா மலிவான பிளாஸ்டிக் துண்டுதான்.

06 பிளேட் 500-லதான் வில்லங்கம். 2006 வசந்தத்துலதான் மாடல் மாறிச்சு. அதனால 06 பிளேட்ல பழைய எம்113-உம் இருக்கலாம் (4966 சிசி, 306 குதிரை), புது எம்273-உம் இருக்கலாம் (5461 சிசி, 388 குதிரை). வேலன் சொன்ன வண்டி இது இல்லாமலும் போகலாம். வி5சி-யில (வண்டியோட பதிவுப் பத்திரம்) பி.1 (P.1) கட்டத்துல சிசி இருக்கும். சேசிஸ் எண்ணுல டபிள்யூடிபி-க்கு (WDB) அடுத்து 230475 வந்தா எம்113, 230471 வந்தா எம்273. முதல்ல அதைக் கேளுங்க, மீதி அப்புறம்.

நட்டு_போல்ட் | 7.05
எம்273-ன்னா ஏன் பயம்னு ரூபனுக்குப் புரியணும். எஞ்சின் நடுவுல செயின் ஓடுற ஐட்லர் கியர் ஒண்ணு இருக்கு. ஆரம்ப காலத்துல போட்ட கியரோட பல் தேயும். தேஞ்சா செயின் தள்ளிப் போய் கேம் டைமிங் (வால்வு திறந்து மூடுற நேரம்) பின்தங்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும். அதோட தம்பியான எம்272 வி6-ல இதே வியாதி பேலன்ஸ் ஷாஃப்ட் கியர்ல வரும். கோளாறு கோட் பி0016, பி0017, அல்லது பென்ஸ் ஸ்கேனர்ல 1200, 1208.

கியரோட விலை பெருசில்லை. ஆனா எஞ்சினைக் கீழ இறக்காம அதைத் தொட முடியாது, கூலியே பல ஆயிரம் பவுண்ட். எஞ்சின் எண் வி5சி-யில பி.5 (P.5). எம்273-ல கடைசிப் பகுதி 30 088611 வரைக்கும், எம்272-ல 30 468993 வரைக்கும் பழைய கியர். 2006 ஏப்ரல் மே வண்டி நிச்சயமா அந்த வரம்புக்குள்ள.

வி8_வேலன் | 7.11
சரி, எம்113-ன்னு உறுதி ஆனா 500. எம்273-ன்னா 64 ஆயிரம் மைல்ல இன்னும் தேயலைன்னா இனி தேயாது.

நட்டு_போல்ட் | 7.14
அது வேண்டுதல் வேலன். கோட் இல்லைங்கிறதால கியர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை, வரம்பைத் தாண்டலைன்னுதான் அர்த்தம். உண்மையில பார்க்கணும்னா கேம் சென்சார்களைக் கழட்டி, கிராங்க் போல்ட்டைக் கையால சுத்தி டாம்பர்ல (கிராங்க் முன்னால இருக்கிற கப்பி) 305 டிகிரியில நிறுத்தணும். அப்ப சென்சார் துளை வழியா பல்ஸ் சக்கரத்தோட குறி நடுவுல தெரியணும். ஒரு பக்கம் நடுவுல நின்னு, மறுபக்கம் துளை ஓரத்துக்கு ஓடியிருந்தா கதை முடிஞ்சது. சென்சார் ஒவ்வொண்ணும் ஒரே போல்ட்லதான் நிக்குது, வேலை பெருசு இல்லை. ஆனா எந்த டீலர் தன் முற்றத்துல இதைச் செய்ய விடுவான்? அதனால எஞ்சின் இறக்கி கியர் மாத்தின பில்லைக் கேளுங்க. பில் இருந்தா அந்த 500-தான் இருக்கிறதுலயே நல்ல வண்டி.

மின்னல்_அக்கா | 7.22
எஞ்சினைப் பற்றியே கதைக்கிறியள். ஆர்230 வாங்கினவையை அழ வைக்கிறது எஞ்சின் இல்லை. தம்பி, நாளைக்குப் போகேக்க விக்கிறவரிட்ட ஒண்டு சொல்லுங்கோ: நான் வரும் வரைக்கும் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் எண்டு. கொன்சோலில உயர்த்துற பட்டன் இருந்தால் ஏபிசி சஸ்பென்ஷன், ஆயில் அழுத்தத்தில காரைத் தாங்குறது. நாலு சில்லுக்கும் மேல, சில்லு நடுவில இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளவுங்கோ. ஒரு மூலை மட்டும் பதிஞ்சிருந்தால் வால்வு புளொக் உள்ளுக்குள்ள கசியுது. ஸ்டார்ட் பண்ணி பட்டனை அமத்தினால் நாலு மூலையும் ஒண்டா எழும்ப வேணும்.

எஸ்பிசி எண்ட மின்சாரத்தால இயங்குற பிரேக் எல்லா ஆர்230-லயும் இருக்கு. கதவைத் திறந்தவுடனே முன்னுக்கு ஒரு பம்ப் சத்தம் கேக்கும், அது சரி. சிவப்பில பிரேக் சேவிஸ் எண்டு வந்தால் உடனே திரும்பி வாங்கோ. அந்த யூனிட் தான் எத்தனை தரம் அமத்தப்பட்டது எண்டு எண்ணி வைக்கும், கணக்கு முடிஞ்சால் யூனிட்டே மாத்த வேணும். பிறகு பிரேக் பாட் மாத்தேக்க எஸ்பிசி-யை ஸ்கேனரால நித்திரையாக்காமல் கை வைக்க வேண்டாம். கதவு திறந்தாலே அது தானா அழுத்தம் குடுக்கும், விரல் போயிடும்.

ஸ்பானர்_சாமி | 7.30
500-ன்னா ஏபிசி கண்டிப்பா உண்டு, 350-ன்னா கிடையாது. பட்டன் தேடத் தேவையில்லை.

மின்னல்_அக்கா | 7.34
350-க்கு அது விருப்பத் தெரிவு சாமி அண்ணை, காசு குடுத்துப் போட்டவையும் இருக்கினம். சேசிஸ் எண்ணை வச்சு டேட்டா காட் (ஆலையில என்னென்ன பூட்டினது எண்ட பட்டியல்) எடுத்தால் 487 எண்ட கோட் இருக்கும், அதுதான் ஏபிசி. ஊகிக்கிறதை விட அது சுகம்.

ஸ்ப்ரிங்_போதும் | 7.41
ஏபிசி இருந்தா என்ன? காயிலோவர் செட் (சாதாரண ஸ்ப்ரிங்கும் ஷாக்கும்) போட்டு அந்தக் குழாய் எல்லாத்தையும் தூக்கி எறியலாம். ஒரே நாள் வேலை. பம்ப், அக்யூமுலேட்டர் (பம்போட துடிப்பைத் தாங்குற உருண்டை), 200 பார் அழுத்தம், பச்சை ஆயில், எல்லாத் தலைவலியும் போச்சு.

நட்டு_போல்ட் | 7.46
ஏபிசி வண்டியில ஆன்டி-ரோல் பாரே கிடையாது, சாய்வைத் தடுக்கிறது அந்த ஹைட்ராலிக்தான். ஸ்ப்ரிங் மட்டும் போட்டா ரவுண்டானாவுல வண்டி படகு. ஸ்டியரிங் பம்பும் ஏபிசி பம்பும் ஒரே டாண்டம் பம்ப் வேற. அதை மாத்தணும், இல்ல ஏபிசி பக்கத்தைச் சுத்தி விடணும்.

ஸ்ப்ரிங்_போதும் | 7.50
இறுக்கமான ஸ்ப்ரிங் போட்டா சாயாது. வெளிநாட்டுல ஆயிரக்கணக்குல ஓடுது.

நட்டு_போல்ட் | 7.53
இறுக்கமான ஸ்ப்ரிங் போட்டு லண்டன் ரோட்டுல எஸ்எல் ஓட்டுறதுக்கு, ஏன் எஸ்எல் வாங்கணும்? இன்சூரன்ஸ்ல மாடிஃபிகேஷன்னு சொல்லியும் ஆகணும், சொல்லலைன்னா விபத்து அன்னிக்குத் தெரியும். ஏபிசி-யை ஒழுங்கா வச்சுக்க வழி இருக்கு. சிஹெச்எஃப் 11எஸ் ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாத்தினா போதும், செத்த அக்யூமுலேட்டரோட ஓட்டக் கூடாது. அக்யூமுலேட்டர் செத்தா பம்போட துடிப்பு நேரா ஹோஸ்ல விழும், அது வெடிச்சாத்தான் நடு ரோட்டுல பச்சை ஆயில்.

ஸ்ப்ரிங்_போதும் | 7.55
ஹோஸ் மாத்தின பில்லைப் பார்த்திருக்கீங்களா?

ஸ்பானர்_சாமி | 8.02
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கோங்க.

சும்மா_வந்தவன் | 8.06
இடையில ஒரு சந்தேகம். இந்த வண்டிகளுக்கு இ10 பெட்ரோல் (10 சதம் வரை எத்தனால் கலந்தது) ஊத்தலாமா? ரப்பர் கரையும்னு சொல்றாங்களே.

வி8_வேலன் | 8.08
ஊத்தவே ஊத்தாதீங்க. 97 ஆக்டேனுக்கு மேல சூப்பர் மட்டும்தான்.

நட்டு_போல்ட் | 8.12
ஊத்தலாம். பென்ஸ்ல இ10 ஆகாதது பழைய கார்புரேட்டர் வண்டிகளும், முதல் தலைமுறை நேரடி இன்ஜெக்‌ஷன் சி200 சிஜிஐ மாதிரி சிலதும்தான். இந்த எஞ்சின்கள் அந்தப் பட்டியல்ல இல்லை. ரெண்டு மாசம் ஓட்டாம நிறுத்தி வைக்கிறதா இருந்தா மட்டும் கடைசி டேங்கை இ5 சூப்பர் போட்டு நிரப்புங்க, எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஈஸ்ட்ஹாம்_ரூபன் | 8.20
அண்ணையவை, வரி என்ன மாதிரி? யூலெஸ் (லண்டன் புகைக் கட்டுப்பாட்டு வலயம்) காசு வருமோ?

மின்னல்_அக்கா | 8.33
யூலெஸ்: பெற்றோல் காருக்கு யூரோ 4 புகைத் தரம் எண்டால் இல்லை. ஊகிக்காமல் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்துத் துறை) தளத்தில நம்பரைப் போட்டுப் பாருங்கோ, வந்தால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட்.

வரியிலதான் 06 பிளேட் கவனம். 2006 மார்ச் 23-க்கு முதல் பதிஞ்சிருந்தால் எவ்வளவு புகை விட்டாலும் கே வரிப் பாண்டோட நிக்கும். அண்டைக்கோ பிறகோ எண்டால் கிலோமீற்றருக்கு 225 கிராம் கரியமில வாயுவுக்கு மேல எல், 255-க்கு மேல எம். கே-க்கும் எம்-க்கும் வருஷத்துக்கு 300 பவுண்டுக்கு மேல வித்தியாசம். டிவிஎல்ஏ (வாகனப் பதிவுத் துறை) தளத்தில மாசம் மட்டும்தான் வரும். மார்ச் எண்டு வந்தால் வி5சி-யில பி (B) எண்ட கட்டத்தில திகதியைப் பாருங்கோ. சிசி-யும் அதே டிவிஎல்ஏ பக்கத்தில வரும், நாளைக்கு வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 55 பிளேட் 350-க்கு இந்தக் கரைச்சல் இல்லை, அது கே-க்கு மேல போகாது.

பெற்றோல் செலவை வச்சு முடிவெடுக்க வேண்டாம். கேலனுக்கு ரெண்டு மூண்டு மைல் வித்தியாசம், சனி ஞாயிறு ஓட்டத்துக்கு அது காசே இல்லை.

ஸ்பானர்_சாமி | 8.41
இதைத்தான் நான் 6.58-லயே சொன்னேன், சுருக்கமா.

கூரை_கசிவு | 9.15
யாரும் பூட்டைப் (பின் டிக்கி) பத்திப் பேசலையே. கார்ப்பெட்டைத் தூக்கி அடியில ஈரம் இருக்கான்னு தடவிப் பாருங்க. கூரை 16 வினாடியில முடியணும். லக்கேஜ் தட்டு கீழ இறங்கி லாக் ஆகலைன்னா கூரை அசையாது, அதை வச்சு 'சின்ன சென்சார் கோளாறு'ன்னு கதை விடுவாங்க, நம்பாதீங்க. எஞ்சின் ஓடும்போது மூணு தடவை திறந்து மூடுங்க, ஒரு தடவை போதாது. பூட்டு லைனிங்லயும் முன் கண்ணாடிக்கு மேல லாக் பக்கத்துலயும் ஆயில் கறை இருந்தா சிலிண்டர் சீல் போச்சு.

ஈஸ்ட்ஹாம்_ரூபன் | ஞாயிறு மதியம் 1.47
போய்ப் பார்த்திட்டு வந்தன். 500: 5461 சிசி, ஏப்ரல் பதிவு, கியர் மாத்தின பில் இல்லை, பின் இடது மூலை மற்றதை விட 3 செ.மீ. பதிஞ்சிருந்தது. விட்டுட்டன். 350-ல ஏபிசி இல்லை, கோட் ஒண்டும் இல்லை, எம்ஓடி (வருசாந்தச் சோதனை) வரலாறு சுத்தம். கூரை ரெண்டு தரம் ஓடினது, மூண்டாந்தரம் பாதியில நிண்டுது. பட்டறி எண்டு சொல்லுறார். உண்மையோ? பின்னேரம் மறுமொழி சொல்ல வேணும்.

மின்னல்_அக்கா | 2.05
உண்மையாவும் இருக்கலாம். இதில ரெண்டு பட்டறி. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுறது முன்னுக்கு இருக்கிறது, மற்றதெல்லாம் பூட்டில இருக்கிறதில ஓடுது. அதனால எஞ்சின் நல்லா ஸ்டார்ட் ஆனாலும் பின் பட்டறி செத்திருக்கலாம். வசதிப் பாவனைகள் கிடையாது எண்டு மீற்றரில ஏதும் எழுத்து வந்ததோ? வந்தால் பட்டறிதான். வராமல், நிக்க முதல் பம்ப் சத்தம் மட்டும் கேட்டுக் கூரை மெதுவா இழுபட்டது எண்டால் ஹைட்ராலிக் ஆயில் குறைவு. பின் பட்டறியை இரவு முழுக்க சார்ஜில போடச் சொல்லுங்கோ, நாளைக்குக் காலமை திரும்ப மூண்டு தரம். அதுக்கு முதல் காசு குடுக்க வேண்டாம்.

கூரை_கசிவு | 2.11
எந்த இடத்துல நின்னுச்சு? பூட்டு மூடி பின்பக்கமா தூக்கின நிலையிலயா, கூரை மடிஞ்ச பிறகா? ஆயில் கறை பார்த்தீங்களா?

வி8_வேலன் | 2.30
பில் இல்லாத எம்273-ஐ விட்டது சரிதான். ஆனா எம்113 போட்ட 05 பிளேட் 500 நாட்டுல நிறைய இருக்கு, ஒரு மாசம் பொறுத்தா என்ன?

நட்டு_போல்ட் | திங்கள் காலை 8.50
ரூபன், எடுத்தீங்களா? எடுத்திருந்தா ப்ளக் 12 வாங்குங்க, ஆறு இல்லை. கூடவே 722.6-க்கு 236.14 ஆயில், ஃபில்டர், பான் கேஸ்கெட், 13 பின் கனெக்டர் நாலையும் ஒரே தடவையில மாத்திடுங்க. டார்க் கன்வெர்ட்டர்ல வடிகால் போல்ட் இருக்கான்னு பார்த்துட்டு ஆயிலோட அளவை முடிவு பண்ணுங்க. ஆயில் மட்டம் 80 டிகிரி சூட்டுல பார்க்கணும், குளிர்ந்த வண்டியில நிரப்பினா அதிகமாயிடும்.

கூரை_கசிவு | திங்கள் இரவு 9.20
கூரை எந்த இடத்துல நின்னுச்சுன்னு இன்னும் சொல்லலை.