வி எழுத்துள்ள நான்கெழுத்து டாட் காமும் சிப்ஸ் விலைக்குப் போகுமா?

ஏலக்கார அண்ணன் (இரவு 9.12)

நேற்று கணக்குப்பிள்ளை என்ற நண்பர் ஒரு விலை அட்டவணை போட்டிருந்தார். நான்கெழுத்து டாட் காம் இணையப் பெயர்களின் ஆறு மாத விற்பனையை ஒன்றாகத் திரட்டி, "ஃப்ளோர் விலை, அதாவது அடிமட்ட விலை, ஏறுகிறது, இப்போது வாங்கலாம்" என்று கீழே எழுதியிருந்தார். திரட்டிய உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் வி எழுத்துள்ள பெயர்களையும், சீனர்கள் விரும்பி வாங்கும் சிப்ஸ் வரிசையில் சேர்த்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சீனச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். சீனர்கள் நிறுவனப் பெயரைப் பின்யின் முதலெழுத்துகளால் சுருக்குவார்கள். ஜிங் தோங் என்ற இணைய வணிக நிறுவனம், அதனால் ஜேடி டாட் காம். பின்யினில் ஐ, யூ, வி ஆகிய மூன்றிலும் எந்தச் சொல்லும் தொடங்காது. ஏ, ஈ, ஓ ஆகியவற்றில் தொடங்குபவை குறைவு. 2015 கடைசியில் சீனப் பணம் இந்தச் சந்தைக்குள் வந்து விழுந்தபோது இந்த ஆறு எழுத்தும் இல்லாத பெயர்களைத்தான் அள்ளினார்கள். அவற்றைத்தான் சிப்ஸ் என்கிறோம். மிச்சம் 20 எழுத்து, நான்கு இடத்துக்கு 1,60,000 பெயர். வி எழுத்தையும் உள்ளே விட்டால் 1,94,481. ஒரே ஒரு எழுத்தில் 34,481 பெயர்களை உள்ளே தள்ளிவிட்டு, விலை ஏறுகிறது என்று ஊருக்குச் சொல்கிறார். இதை நம்பி யாராவது வாங்கினால் யார் பொறுப்பு?

கணக்குப்பிள்ளை (இரவு 9.40)

வணக்கம் அண்ணே. என் பெயரைப் போட்டே எழுதியதற்கு நன்றி.

சீன அரசுத் தொலைக்காட்சியின் இணையதளம் எது? சிசிடிவி டாட் காம். நான்கு எழுத்து, உயிரெழுத்து ஒன்றும் இல்லை, கடைசியில் வி. சீனர்களுக்கு வி ஆகாது என்றால் அந்த நாட்டிலேயே பெரிய தொலைக்காட்சி ஏன் அதை வைத்திருக்கிறது? இன்னொன்று. பின்யினில் வரும் புள்ளி வைத்த யூ (ü) விசைப்பலகையில் கிடையாது. அதனால் பெண் என்ற சொல்லை அவர்கள் என், வி என்றுதான் தட்டுகிறார்கள். பச்சை என்றால் எல், வி. தினமும் கோடிக்கணக்கான பேர் தட்டுகிற எழுத்து அது. நீங்கள் 2015 விதியை வைத்துக்கொண்டு இன்றைய சந்தையை அளக்கிறீர்கள்.

ஏலக்கார அண்ணன் (இரவு 9.58)

தம்பி, சிசிடிவி என்பது ஆங்கிலச் சுருக்கம். சைனா சென்ட்ரல் டெலிவிஷன். பின்யினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் சொல்லும் என்.வி., எல்.வி. இரண்டிலும் வி இரண்டாவதாக வருகிறது. நான் முதலெழுத்தைப் பற்றிப் பேசுகிறேன். சுருக்கம் முதலெழுத்தில்தான் அமையும். அதில் வி கிடையாது. வி கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் வி கிடையாது.

தேன்மொழி ஈரோடு (இரவு 10.05)

இருவருக்கும் ஒரு கேள்வி. ஃப்ளோர் விலை என்று எதைச் சொல்கிறீர்கள்? கடைசியாக நடந்த மிகக் குறைந்த விற்பனையா? சந்தையில் கேட்கும் மிகக் குறைந்த விலையா? அல்லது மொத்த வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் தொகையா? மூன்றும் மூன்று எண். முதலில் அதைத் தீர்த்துவிட்டால் வி தானாகத் தீர்ந்துவிடும். அப்புறம், ஒன்பது பெயர் 300 டாலருக்கும் ஒரு பெயர் 20,000 டாலருக்கும் போனால் சராசரி 2,270 வரும். நடுவில் இருப்பதை எடுத்தால் 300 தான். அட்டவணையில் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே.

நெல்லைச் சீமை (இரவு 10.21)

வி பற்றி அண்ணன் இவ்வளவு பேசுவதைப் பார்த்து வயிறு எரிகிறது. 2015 டிசம்பரில் நான் இங்கே புதிது. "நாலு எழுத்தென்றால் நாலு எழுத்துதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு தம்பி" என்று எனக்கு எழுதியது யார்? மூன்று பெயர் வாங்கினேன், மூன்றிலும் வி. ஒன்று 1,400 டாலர். என் அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். 2017-இல் ஒன்றை 210 டாலருக்குத் தள்ளிவிட்டேன். மற்ற இரண்டும் இன்னும் கையில். ஆண்டுதோறும் புதுப்பிக்கிறேன்.

ஏலக்கார அண்ணன் (இரவு 10.47)

நெல்லை, அதை நான் எழுதியது டிசம்பர் முதல் வாரம். அப்போது எந்தக் குப்பையும் விற்றது. அந்த ஆண்டு ஜூனில் ஷாங்காய் பங்குச் சந்தை உச்சத்திலிருந்து விழுந்தது, போட்ட பணத்தை எடுத்தவர்கள் வேறு இடம் தேடினார்கள், அதில் ஒரு பகுதி இங்கே வந்தது. அன்றைக்கு நிலவரம் அது. விற்கச் சொன்னபோது நீங்கள் விற்கவில்லை. நான் என் 40 பெயரையும் 2016 பொங்கலுக்குள் கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினேன். இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் சொன்னதும் இன்றைக்குச் சொல்வதும் வேறு வேறு. வெறி பிடித்த சந்தையில் வி விற்கும். நிதானமான சந்தையில் விற்காது. இன்று நிதானமான சந்தை.

நெல்லைச் சீமை (இரவு 10.52)

விற்கச் சொன்னீர்களா? எப்போது, எங்கே? காட்டுங்கள்.

புதுவரவு 23 (இரவு 11.03)

அண்ணன்மார்களே, இன்னும் டாட் காமையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா? டாட் ஏஐ பாருங்கள். அங்கில்லா என்ற சின்னத் தீவுக்கு ஒதுக்கிய இணையப் பெயர் முடிவு அது. 2023-இல் அந்த அரசின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டொமைன் பதிவிலிருந்தே வந்தது. இரண்டெழுத்து, மூன்றெழுத்து டாட் ஏஐ எல்லாம் பறக்கிறது. நான்கெழுத்து சிப்ஸ் என்பது தாத்தா காலத்து வியாபாரம்.

ஏலக்கார அண்ணன் (இரவு 11.15)

தாத்தா காலத்து வியாபாரமா? உங்கள் டாட் ஏஐ பெயரைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துத்தான் பதிய முடியும். ஒரு பெயருக்கு நூறு டாலருக்கு மேல் கட்டுகிறீர்கள். டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் 2024 செப்டம்பரில் வைத்த மொத்த விலை ஆண்டுக்கு 10.26 டாலர், அதன்மேல் பதிவாளர் கொஞ்சம் வைத்துக்கொள்வார். 300 பெயரைப் பத்து ஆண்டு பிடித்து வைத்திருப்பவனுக்கு இந்த வித்தியாசம் உயிர். ஏஐ என்ற சொல் மேல் உலகத்துக்கு ஆசை தீர்ந்தால் அந்தப் பெயர்களை யார் வாங்குவார்? டாட் காம் எந்தக் காய்ச்சலையும் தாண்டி வந்தது. இந்த இழையில் டாட் ஏஐ வேண்டாம். வி பற்றிப் பேசுவோம்.

வல்வை மைந்தன் (இரவு 11.31)

அண்ணை, டாட் காம், டாட் ஏஐ எல்லாம் சரி. தமிழிலேயே இலங்கை என்று முடிகிற பெயர் இருக்கிறது, இந்தியா, சிங்கப்பூர் என்று முடிவதும் இருக்கிறது. எங்கள் எழுத்தில் குறுகிய பெயர்களை ஒருவரும் விலை குறித்து வைப்பதில்லை. அட்டவணை போடுகிறவர்கள் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? வாங்குகிறவர் இல்லை என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே வாங்குகிறவர் இல்லாமல் போய்விட்டார்.

ஏலக்கார அண்ணன் (இரவு 11.38)

வல்வை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நானே வந்து எழுதுகிறேன். இங்கே வி.

கணக்குப்பிள்ளை (இரவு 11.50)

வல்வை அண்ணா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ் பக்கம் ஒன்று சேர்க்கிறேன்.

ஏலக்கார அண்ணன் அவர்களுக்கு. நான் எண்களை என் தலையிலிருந்து எடுக்கவில்லை. நேம்பயோ தளத்தில் வெளியான விற்பனைகள், ஏல முடிவுகள், இரண்டையும் பார்த்துத்தான் நிரப்பினேன். ஒவ்வொரு வரியிலும் தேதியும் சந்தையின் பெயரும் இருக்கின்றன. நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? நினைவிலிருந்தா?

ஏலக்கார அண்ணன் (நள்ளிரவு 12.20)

நினைவிலிருந்துதான் தம்பி. பதினெட்டு ஆண்டு நினைவு. நீங்கள் அட்டவணை போடுகிற விற்பனை எல்லாமே வெளியே சொன்ன விற்பனை. சொல்லாததை என்ன செய்வீர்கள்?

எஃப்பி டாட் காமை ஃபேஸ்புக் 2010-இல் வாங்கியது. விலை எப்படித் தெரிந்தது? விற்றவர்கள் அமெரிக்க விவசாயிகளின் கூட்டமைப்பு. 2011 ஜனவரியில் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் 85 லட்சம் டாலர் வந்தது என்று உறுப்பினர்களுக்குச் சொன்னார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தெரியாது. வாய்ஸ் டாட் காம் 2019-இல் மூன்று கோடி டாலருக்குப் போனது. விற்ற மைக்ரோஸ்ட்ராட்டஜி பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனம், வெளியே சொன்னது, தெரிந்தது. நிசான் கையிலிருந்த ஸெட் டாட் காமை ஜப்பானின் ஜிஎம்ஓ 2014-இல் 80 கோடி யென்னுக்கு வாங்கியதும் அப்படித்தான் வெளியே வந்தது. பெரிய மீன்களுக்கே இந்தக் கதை. 250 டாலர் நான்கெழுத்துப் பெயர்கள் வியாபாரிகளுக்குள் மெசேஜிலேயே கைமாறுகின்றன. அதை எந்தத் தளம் எழுதும்?

ஏல விலையையாவது நம்பலாமா? 2009 நவம்பரில் இணையப் பெயர் ஏல நிறுவனமான ஸ்நாப்நேம்ஸ் தானே ஒப்புக்கொண்டது. அதன் ஊழியர் ஒருவர் 2005 முதல் வேறு பெயரில் சொந்த நிறுவனத்தின் ஏலங்களிலேயே கை தூக்கி விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து அட்டவணை எல்லாம் அந்த விலையோடுதான் இருக்கிறது. ஜெயித்தவர் பணம் கட்டாமல் போன ஏலங்களும் பட்டியலில் "விற்பனை" என்றே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை ஓட்டை உள்ள வலையில் வி பெயர்களையும் போட்டு, விலை ஏறுகிறது என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை (நள்ளிரவு 12.34)

ஓட்டை வலை என்றால் அது சிப்ஸுக்கும் ஓட்டைதானே? வி பெயர்களுக்கு மட்டும் ஓட்டையா?

ஏலக்கார அண்ணன் (நள்ளிரவு 12.36)

வி பெயர்களுக்கு வலையே கிடையாது.

தேன்மொழி ஈரோடு (நள்ளிரவு 12.41)

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஃப்ளோர் என்றால் எது? அண்ணன் சொல்கிற 250 டாலர் கேட்கிற விலையா, கொடுத்த விலையா?

பழைய வாசகன் (காலை 6.15)

காலையில் திறந்தால் இவ்வளவு ஓடியிருக்கிறது. எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஏலக்கார அண்ணன் போன ஆண்டு ஒரு தரகரிடம் சிப்ஸ் பெயர் 60 மொத்தமாக வாங்கியதாக இங்கேயே எழுதினார். இப்போது வி பெயர்களை வரிசையிலிருந்து எடுத்தால் யாருடைய பெயர்களுக்கு மதிப்பு கூடும்? சிப்ஸ் வைத்திருப்பவருக்கு. இது எல்லாருக்கும் தெரியட்டும்.

ஏலக்கார அண்ணன் (காலை 6.40)

வாங்கினேன். மறைக்கவில்லையே. வாங்கியதால்தான் விலை தெரிகிறது. காசு போடாமல் அட்டவணை பார்ப்பவருக்கு எல்லா நான்கெழுத்தும் ஒன்றுதான். அந்த 60 பெயரில் ஒன்றிலும் வி இல்லை. தரகர் வி உள்ள பெயர் 15 சேர்த்துத் தருகிறேன், அதே விலைக்கு எடுத்துக்கொள் என்றார். வேண்டாம் என்றேன். பாதி விலைக்கு இறங்கினார். அப்போதும் வேண்டாம் என்றேன். அதுதான் தம்பி சந்தை விலை. விற்கிறவன் வாயாலேயே பாதி என்று வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை (காலை 7.05)

ஒரு தரகர், ஒரு பேரம். அதை வைத்து 34,481 பெயருக்கும் விலை சொல்கிறீர்கள். நான் ஆறு மாதம் குறித்ததை வைத்துச் சொன்னால் தப்பு.

விவோ டாட் காம் நான்கு எழுத்துதான். சீனக் கைப்பேசி நிறுவனம். வி இரண்டு முறை வருகிறது.

ஏலக்கார அண்ணன் (காலை 7.11)

அதில் ஐயும் ஓவும் இருக்கின்றன. அது சிப்ஸே கிடையாது. நிறுவனப் பெயர் அது. வாயால் சொல்ல வருகிற பெயருக்குத் தனி விலை. அதையும் இந்த அட்டவணையில் சேர்த்திருக்கிறீர்களா? சேர்த்திருந்தால் இன்னும் மோசம்.

நெல்லைச் சீமை (காலை 7.30)

விற்கச் சொன்ன பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். இரவு முழுக்கக் காத்திருக்கிறேன்.

ஏலக்கார அண்ணன் (காலை 7.48)

நெல்லை, பழைய பதிவுகளில் பாதி காணவில்லை, சர்வர் மாற்றியபோது போய்விட்டது. என் மேல் கோபம் இருந்தால் தனியாக எழுதுங்கள், எண் உங்களிடம் இருக்கிறது. உங்கள் பணம் போனதற்கு எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் 1,400 டாலர் பெயர் 210-க்கு வந்தது எதனால்? அதில் வி இருந்தது. நான் நேற்றிலிருந்து சொல்வதற்கு உங்களைவிடப் பெரிய சாட்சி யார்?

நெல்லைச் சீமை (காலை 7.55)

வி இல்லாத பெயரை அதே மாதம் 1,850-க்கு வாங்கிய என் நண்பன் 2018-இல் 400-க்கு விற்றான். அவனுக்கு என்ன சாட்சி சொல்வீர்கள்?

ஏலக்கார அண்ணன் (காலை 8.02)

400, 210. பாதி. நான் சொன்ன அதே பாதி.

கணக்குப்பிள்ளை (காலை 8.10)

ஒன்று 2017, இன்னொன்று 2018. இரண்டு ஆண்டின் இரண்டு விற்பனையைப் பக்கத்தில் வைத்துப் பாதி என்கிறீர்கள். என் அட்டவணையில் இப்படிச் செய்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பீர்களா?

புதுவரவு 23 (காலை 8.26)

சிசிடிவி டாட் காம் விற்பனைக்கு வந்தால் எவ்வளவு போகும்?

ஏலக்கார அண்ணன் (காலை 8.31)

அது விற்பனைக்கு வராது. அது ஆங்கிலச் சுருக்கம். அதில் வி இருப்பது கணக்கில் வராது.

கணக்குப்பிள்ளை (காலை 8.44)

ஞாயிறு இரவு புது அட்டவணை ஏற்றுகிறேன். வல்வை அண்ணாவுக்குத் தமிழ் பக்கம் இருக்கும். வி பெயர்கள் அதே வரிசையில்தான் இருக்கும்.