'சட்ட விழிப்புணர்வு'க்குப் பதில் 'சட்டப் பழகல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சட்டம் சொல்லித்தர நாம் நடத்தும் கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், 'சட்டப் பழகல்' என்பது என் யோசனை. வந்த கருத்துகளுக்கு என் பதில் கீழே.

> 'சமூகச் சட்டக் கல்வி' என்றே வைத்துக்கொள்ளலாமே, பொருள் முழுதும் வந்துவிடுகிறது.

ஐயா, பொருள் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓசூரில் 'சட்டக் கல்வி' என்றதும் எந்தக் காலேஜ், மூன்று வருடமா ஐந்து வருடமா என்றுதான் கேட்பார்கள். முன்னால் 'சமூக' சேர்த்தால் இன்னும் சிக்கல். எங்கள் பக்கம் சமூகம் என்றால் சாதி என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

அக்கா சொன்ன 'சட்ட எழுத்தறிவு', வருகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுபோல் ஒலிக்கிறது. அதுவும் வேண்டாம்.

அரசு அலுவலகங்களில் புழங்குவது 'சட்ட விழிப்புணர்வு முகாம்'. எனக்கு மனத்தாங்கல் இதன்மேல்தான். விழிப்புணர்வு ஊட்டுகிறோம் என்றால் எதிரே இருப்பவர் தூங்குகிறார் என்று ஆகிறது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டில், ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதமான ஒரு தம்பியைப் பார்த்தேன். சனிக்கிழமைதோறும் மேஸ்திரியின் நோட்டில் தன் பெயருக்கு நேரே உள்ள வரியைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒரு படத்தில் நோட்டைப் பிடித்திருக்கும் மேஸ்திரியின் கட்டைவிரல்கூடத் தெரிந்தது. இரண்டு மாதக் கூலி பாக்கி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அவர் விழித்துத்தான் இருந்தார். யாரிடம் போய் எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

காண்ட்ராக்டர் கைவிரித்தால் வேலை வாங்கிய நிறுவனமே கூலி தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். இதையெல்லாம் மைக்கில் சொல்லி டீ கொடுத்து அனுப்பினால் காதோடு போய்விடும். அவரே மனு எழுத வேண்டும், கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கையும் வாயும் பழக வேண்டும்.

அதனால்தான் 'சட்டப் பழகல்' என்கிறேன். தொழிற்பழகுநர் என்ற சொல் ஓசூர்க் கம்பெனிகளில் எல்லாருக்கும் தெரியும். வண்டி ஓட்டக் கற்பவருக்குப் பழகுநர் உரிமம் என்கிறோம். பழகுநர் என்பதை யாரும் இழிவாக நினைப்பதில்லை. முதலில் 'சட்டப் பழக்கம்' என்றுதான் எழுதினேன். பழக்கவழக்கமாக வந்த சட்டம் என்று படிக்க இடம் கொடுக்கிறது, அதனால் விட்டுவிட்டேன். வருகிறவர் சட்டப் பழகுநர். நடத்துகிறவரைப் 'பழக்குநர்' எனலாம், ஆனால் ஒரு 'க்' விட்டுப்போனால் ஆளே மாறிவிடுவார். அதற்கு நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.

> தமிழ் தெரியாதவர்களுக்கு நடத்துவதற்குத் தமிழ்ச்சொல் எதற்கு?

நடத்துகிறவர்கள் நாம்தானே. 'முகாம்' என்று எழுதினால் பந்தலும் பேனரும் தானாக வந்துவிடும். 'பழகல்' என்றால் பாயை விரித்து, ஆளுக்கொரு பேனா கொடுத்தாக வேண்டும். அப்புறம், இது வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டுமான சொல்லும் இல்லை. தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! பென்னாகரத்திலிருந்து போன என் சித்தப்பா, அங்கே மூன்று வாரக் கூலிக்காக அலைந்தார். கன்னடத்தில் மனு எழுதித் தர ஆள் கிடைக்காமல் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இங்கே வந்திருப்பவர்களும் என் கண்ணுக்குச் சித்தப்பாவாகத்தான் தெரிகிறார்கள்.

அவர்களைக் குறிக்க 'புலம்பெயர் தொழிலாளர்' என்ற சொல்லே இருக்கட்டும், பழகிவிட்டது. 'வந்தேறி' மட்டும் எந்த வரைவிலும் வேண்டாம்.

ஞாயிறு மாலை கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும். மேலே இந்தியிலும் ஒடியாவிலும், கீழே தமிழில் 'சட்டப் பழகல்: கூலி பாக்கிக்கு மனு எழுதுவது எப்படி?' என்று போட நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.