சூடானால் செல்ஃப் எடுக்காத பழைய பொக்லைன், செல்ஃபை மாற்றவா வேண்டாமா?

காவல்கிணறு வண்டிக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பழைய 20 டன் பொக்லைன் ஒன்று கைமாற்றி வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது பணகுடிப் பக்கம் காற்றாலை அஸ்திவாரக் குழி வேலை. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் ஓடி, சாப்பாட்டுக்கு ஆஃப் பண்ணிவிட்டு மறுபடி திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றாது. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. இதற்குப் பயந்தே டிரைவர் மத்தியானம் இன்ஜினை அணைப்பதில்லை, டீசல் வீணாய்ப் போகிறது. பேட்டரி இரண்டும் புதுசு. மெக்கானிக் செல்ஃபை மாற்றச் சொல்லி ஒரு விலை சொன்னார், கேட்டதும் பகீர் என்றது. இன்னொன்று, வண்டியை அரைவட்டம் திருப்பும்போது மீட்டர் லைட் மினுக்கும். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

நாங்குநேரி மெக்கானிக்:
செல்ஃப்தான். உள்ளே கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்து, தண்டைத் தாங்கும் புஷ்ஷும் போயிருந்தால் சூட்டில் இப்படித்தான் மக்கர் பண்ணும். யோசிக்காமல் கழற்றிக் கடைக்குக் கொடுங்கள்.

பாளை ஒயரிங்:
கார்பனாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செல்ஃபைக் கழற்றுவதற்கு முன்னால் கால்மணி நேரம் மல்டிமீட்டர் பிடித்துவிடலாமே தம்பி, கையில் இருக்கும்தானே. இது 24 வோல்ட் வண்டி, 12 வோல்ட் பேட்டரி இரண்டு வரிசையாய்ச் சேர்ந்தது. முழுசாய் சார்ஜ் ஏறியிருந்தால் சும்மா நிற்கும்போது 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். அதை மட்டும் பார்த்துவிட்டுப் 'பேட்டரி நல்லாயிருக்கு' என்று போய்விடுகிறார்கள், செல்ஃப் இழுக்கும்போது என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

மீட்டரைக் கன்டின்யூட்டியில் (ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலையில்) வைத்து 'பீப்' கேட்டால் கேபிள் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் வரும். செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்கிற நேரத்தில் ஒரு ஜாயிண்டில் 0.01 ஓம் இருந்தாலே அங்கே 3 வோல்ட் போய்விடும், அந்த 0.01 ஓமை நம் மீட்டர் காட்டவே காட்டாது. அதனால் ஓமில் பார்க்காமல் வோல்ட்டில் பாருங்கள், அதுவும் சாவி திருப்பியிருக்கும்போது.

முதலில் லீவர் லாக் போட்டு, டீசல் கட்-ஆஃப் ஒயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் பிடிக்கக் கூடாது. ஃபேன் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். சாவி திருப்ப ஒரு ஆள் வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, நடுவில் இரண்டு நிமிடமாவது ஆறவிட வேண்டும். மீட்டரின் ஒரு கம்பி பேட்டரி பிளஸ் ஈயத்திலேயே (கிளாம்பில் அல்ல, அது பிடித்திருக்கும் முனையில்), மறு கம்பி செல்ஃபின் பெரிய போல்ட்டில். அப்புறம் பேட்டரி மைனஸ் ஈயத்திலிருந்து செல்ஃப் பாடிக்கு. இரண்டு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான் வியாதி. கடைசியாக செல்ஃப் சொலினாய்டின் (சாவி திருப்பியதும் இழுத்து செல்ஃபுக்குக் கரண்ட் விடும் காந்தச் சுவிட்ச்) சின்ன ஒயரில் எத்தனை வருகிறது என்று பாருங்கள். அங்கே குறைந்தால் சாவி, ரிலே, அந்த வழி. செம்புச் சுருள் 50 டிகிரி கூடுதலாய்ச் சூடானால் மின்தடை கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறும், அதனால் காலையில் இழுத்த சொலினாய்டு மத்தியானம் குறைந்த வோல்ட்டில் இழுக்காது. இதையெல்லாம் ஆறிய வண்டியில் ஒரு தடவை, மக்கர் பண்ணும்போது ஒரு தடவை எடுத்து எழுதுங்கள்.

காவல்கிணறு வண்டிக்காரன்:
எடுத்துவிட்டேன் அண்ணாச்சி. ஆறியிருக்கும்போது பிளஸ் பக்கம் 0.3, மைனஸ் பக்கம் 2.8. சூட்டில் டக் சத்தம் வரும் நேரத்தில் பிளஸ் பக்கம் 0.2, மைனஸ் பக்கம் 13 காட்டுகிறது! பேட்டரி ஈயத்தில் அப்போதும் 23க்கு மேல் நிற்கிறது. மீட்டர் கெட்டுப்போச்சோ என்று வேறு மீட்டரும் வாங்கிப் பார்த்தோம், அதே கதை.

பாளை ஒயரிங்:
மீட்டர் கெடவில்லை. பாதிக்கு மேல் எர்த்திலேயே, அதாவது கரண்ட் மைனஸுக்குத் திரும்பும் வழியிலேயே போகிறது, செல்ஃபுக்கு மிச்சம்தான் கிடைக்கிறது, அது எங்கே சுற்றும்? மைனஸ் கேபிள் சேஸிஸில் மாட்டும் இடம், அங்கிருந்து இன்ஜின் பிளாக்குக்குப் போகும் பட்டை, நடுவில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அது, ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் இந்தப்புறம் அந்தப்புறம் கம்பி வைத்துப் பாருங்கள். ஒன்று கேட்கிறேன், வாங்கும்போது வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார்களா?

காவல்கிணறு வண்டிக்காரன்:
ஆமாம், பளபள என்று மஞ்சள். அதைப் பார்த்துத்தானே வீட்டில் எல்லாரும் சரி என்றார்கள்.

உவரி ஆபரேட்டர்:
பெயிண்ட் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. விற்பதற்காக அடிக்கும்போது சேஸிஸில் எர்த் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிடுவார்கள், லக்கை (கேபிள் முனையில் இருக்கும் வளையத்தை) அதற்கு மேலேயே வைத்து முறுக்கிவிடுவார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரண்ட் போகும். அத்தோடு வண்டி எங்கள் மாதிரிக் கடற்கரைப் பக்கம் ஓடியிருந்தால் லக்குக்குள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், மேலே ரப்பர் உறை இருப்பதால் தெரியாது. உறையைக் கத்தியால் கீறிப் பாருங்கள்.

காவல்கிணறு வண்டிக்காரன்:
சொன்னது அப்படியே. இன்ஜின் பட்டையின் சேஸிஸ் முனையைக் கழற்றினால் லக்குக்கு அடியில் மஞ்சள் பெயிண்ட் வட்டமாய் இருக்கிறது, போல்ட்டைச் சுற்றி மட்டும் கருகி நீலம் பூத்திருக்கிறது. பட்டையிலும் பாதி இழை அறுந்து பொடியாய் உதிர்ந்தது. இரும்பு தெரிகிற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வள்ளியூரில் 70 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிளில் புதுசாய் லக் அடித்து மாட்டிவிட்டோம், முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவினோம். இப்போது மைனஸ் பக்கம் 0.4. மத்தியானம் சூட்டோடு சாவியைத் தொட்டதும் பிடித்தது. செல்ஃப் பழையதேதான்.

ஆனால் மீட்டர் லைட் மினுக்குவது குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை.

பாளை ஒயரிங்:
டைனமோவின் எர்த்தும் இன்ஜின் பிளாக் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதனால்தான் குறைந்தது. வண்டி ஓடும்போது பேட்டரியில் 27.5லிருந்து 28.5க்குள் வருகிறதா பாருங்கள். வந்தால் டைனமோவை விட்டுவிடலாம். மிச்ச மினுக்கல் கேபினுக்குள் இருக்கும். திருப்பும்போது கேபின் அசையும், ஏதோ ஒரு ஜாயிண்ட் விட்டு விட்டுத் தொடுகிறது. டிரைவர் ஃபேன், பாட்டுப்பெட்டி என்று யாராவது ஒயர் இழுத்திருக்கிறார்களா?

காவல்கிணறு வண்டிக்காரன்:
28.1 வருகிறது. சீட்டுக்குப் பின்னால் பேனலைத் திறந்தேன், ஃபேனுக்கு இக்னிஷன் ஒயரைத் தோலுரித்து முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், டேப் உருகிப் பிசின் மாதிரி ஒழுகுகிறது. அதற்கு மேல் ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பி!

பாளை ஒயரிங்:
அந்தக் கம்பியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி, வண்டி பற்றி எரிந்தால் கேபினில் உட்கார்ந்திருப்பது உங்கள் டிரைவர். பெட்டி மூடியில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதே ஃப்யூஸ். ஃபேனுக்குத் தனி ஒயர், தனி ஃப்யூஸ். முறுக்கிய ஜாயிண்டை வெட்டிவிட்டுக் கிரிம்ப் அடித்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

காவல்கிணறு வண்டிக்காரன்:
சரி அண்ணாச்சி, நாளைக்கே செய்கிறேன். அப்படியே பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்க வேண்டும், அதற்கு பேட்டரியைக் கழற்றணுமா?

பாளை ஒயரிங்:
இரண்டு பேட்டரியின் மைனஸையும் கழற்றுங்கள், கன்ட்ரோலர் உள்ள வண்டி என்றால் அதன் சாக்கெட்டையும். வெல்டிங் எர்த் கிளாம்பைப் பக்கெட்டிலேயே, வைக்கிற பல்லுக்குப் பக்கத்தில் போடுங்கள். சேஸிஸில் போட்டால் கரண்ட் பின், பேரிங் எல்லாவற்றையும் தாண்டித்தான் திரும்பும்.