பிராசஸர் விலைச் சண்டை நம் வடசென்னைக்குள் வந்தபோது: அனுபவப் பகிர்வு

தண்டையார்பேட்டை அசெம்பிளர்:

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சிப்பைச் செய்யும் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் விலையில் மோதிக்கொண்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் டாலர் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டி.எச். ரோட்டை ஒட்டிய சந்தில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றவன் நான். அந்தச் சண்டை எங்கள் சந்துக்குள் எப்படி வந்தது என்று எழுதிவைக்க நெடுநாள் ஆசை. உங்களுக்கும் ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

2006 ஜூன் கடைசி. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா கடைக்கு வந்தார். மகளுக்கு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. சீட்டுப் பணம் ஜூலைக் கடைசியில்தான் கைக்கு வருமாம். "இப்பவே ஒரு ரேட் எழுதிக் குடு தம்பி. நாலு வருஷம் தாங்கணும். நடுவுல மாத்தச் சொன்னா என்னால முடியாது" என்றார். நான்கு வருடம் என்றதால் இரட்டை கோர் (ஒரே சிப்பில் இரண்டு மூளை மாதிரி) சிப்பாக, ஏ.எம்.டி.யின் அத்லான் 64 எக்ஸ்2 3800+ போட்டு கொட்டேஷன் எழுதினேன். அப்போது அதன் பட்டியல் விலை 303 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 14,000 ரூபாய். முழுப் பெட்டியில் வேறெதற்கும் அவ்வளவு விலை இல்லை. அக்கா தாளை ஒரு நிமிடம் பார்த்தார். பேரம் பேசவில்லை. நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பேரம் பேசாமல் போனதுதான் எனக்கு உறுத்தியது.

ஜூலை முதல் வாரம் சென்னையின் கம்ப்யூட்டர் சரக்கு மார்க்கெட்டான ரிச்சி தெருவுக்குப் போனேன். பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். சரக்கு தட்டுப்பாடு ஆகக் கூடாது என்று இரண்டு 3800+ வாங்கி வந்தேன். ஒன்று அக்காவுக்கு, இன்னொன்று வேறொரு ஆர்டருக்கு. அடுத்த வாரம் இன்னொன்று கேட்டுப் போனபோது நரசிங்கபுரம் தெருவில் ஒரு பாய் சொன்னார்: "இப்ப எடுக்காதே தம்பி. 24ஆம் தேதிக்கு அப்புறம் வா."

விஷயம் இதுதான். 27ஆம் தேதி இன்டெல் கோர் 2 டுவோ வருகிறது. முந்தைய பென்டியம் டி போல அடுப்பாகச் சுடாது, வேகமும் கூட. அந்த வரிசையில் அடிமட்டமான இ6300இன் விலை 183 டாலர். அதன் பக்கத்தில் 303 டாலருக்கு யார் 3800+ வாங்குவார்கள்? ஏ.எம்.டி. மூன்று நாள் முந்திக்கொண்டது. ஜூலை 24 அன்று 303 டாலர் சிப் 152 டாலர் ஆனது. 558 டாலருக்கு விற்ற 4600+ ஒரே நாளில் 240 டாலருக்கு இறங்கியது.

என் அலமாரியில் இரண்டு சிப், பழைய விலையில். ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் அடி.

வெளியே பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இப்படித் திடீரென்று விலை இறங்கும்போது பெரிய விநியோகஸ்தர்களிடம் தேங்கிய சரக்குக்குக் கம்பெனிகள் வித்தியாசத்தை வரவு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். 'பிரைஸ் புரொடெக்ஷன்' என்பார்கள். அந்த வரவு மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் வற்றிவிடும். ரிச்சி தெருவில் ரொக்கம் கொடுத்து இரண்டு சிப் வாங்கியவனுக்கு யார் வரவு வைப்பார்கள்? விலைப்போரில் முதல் அடி கடைசிக் கையில் சரக்கு வைத்திருப்பவனுக்குத்தான். நான் என் கண்ணால் பார்த்தது இது.

அன்று ராத்திரி தூக்கமில்லை. அக்கா கையில் என் எழுத்தில் கொட்டேஷன் இருக்கிறது. பழைய ரேட்டுக்கே விற்றிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. மாதக் கடைசியில் பணத்தோடு வந்தார், நோட்டெல்லாம் மீன் வாசம். விலை பாதியாகிவிட்டது என்று சொல்லி, புது ரேட்டில் பில் போட்டேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். காரணத்தைச் சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார்: "ரெண்டு லாஞ்சு ஒண்ணா கரைக்கு வந்தா ஏலம் இறங்குமே, அதானே?" அதேதான் அக்கா என்றேன். மிச்சப் பணத்தில் ஒரு யு.பி.எஸ். எடுத்துக்கொண்டார். அவர் தெருவில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

எனக்கு அந்த மாதம் கடை வாடகை வீட்டுப் பணத்திலிருந்து போனது. அப்புறம் கையில் ஆர்டர் இல்லாமல் பிராசஸர் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டேன்.

வியாசர்பாடி பிரவுசிங்:

அண்ணே, நான் அதற்கும் முன்னால். 1999இல் வியாசர்பாடியில் எட்டு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்தேன். ஆறு ஏ.எம்.டி. கே6-2, இரண்டு இன்டெல் செலரான். வங்கிக் கடன் கிடையாது, அம்மாவின் வளையல்தான் முதல்.

இன்டெல்லின் பென்டியம் 2 வாங்கினால் மதர்போர்டும் புதிதாக வேண்டும், அது ஸ்லாட்டில் நிற்கிற சிப். கே6-2 பழைய சதுர சாக்கெட் வகைப் போர்டிலேயே உட்காரும், போர்டும் மலிவு. இன்டெல் என்ன விலை வைக்கிறதோ அதற்கு 25 சதவீதம் கீழே கே6 விற்போம் என்று ஏ.எம்.டி. தலைவர் ஜெர்ரி சாண்டர்ஸ் வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். சிப்பிலும் போர்டிலும் அந்த மிச்சம் இல்லையென்றால் எட்டு சிஸ்டம் ஐந்தாகியிருக்கும். மூன்று சிஸ்டத்தின் வருமானத்தில்தான் என் தங்கை படித்தாள்.

செலரான் கதையையும் சொல்ல வேண்டும். மலிவு மார்க்கெட் கை நழுவுகிறது என்று தெரிந்ததும் இன்டெல் 1998 ஏப்ரலில் முதல் செலரானை இறக்கியது. அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் எல்2 கேச் மெமரியே இல்லாத சிப். ஆள் இருந்தும் வேலை நடக்காது. நாலு மாதத்தில், அந்த ஆகஸ்டில், சிப்புக்குள்ளேயே 128 கேபி கேச் வைத்த செலரான் 300ஏ வந்தது. அதுதான் தங்கம். போர்டில் பஸ் வேகத்தை (சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகம்) 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். நானும் ஓட்டினேன். ஏப்ரல் வரை ஒரு குறையும் இல்லை. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒன்று ஹேங் ஆகி ஹேங் ஆகி நின்றது. பேராசை என்னுடையது, அதனால் திரும்ப 300க்கே வைத்துவிட்டேன். பக்கத்தில் ஒருவன் கால் பங்கு குறைத்து விற்காவிட்டால் இன்டெல் அவ்வளவு நல்ல சிப்பை அவ்வளவு மலிவாகக் கொடுத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வந்தவர்கள் எல்லாம் கேட்ட ஒரே கேள்வி "பென்டியமா?" என்பதுதான். நம் ஊரில் நல்ல கம்ப்யூட்டருக்கே பென்டியம் என்று பெயர்.

பெரம்பூர் எடிட்டர்:

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பெரம்பூரில் வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. எனக்கு விலை இறங்கிய வருடங்களைவிட இறங்காத வருடங்கள்தான் நினைவிருக்கின்றன.

2007இல் கோர் 2 குவாட் கடைக்கு வந்ததிலிருந்து பத்து வருடம், சாதாரணப் போர்டில் உட்காரும் இன்டெல் சிப் நான்கு கோரைத் தாண்டவே இல்லை. கேமரா மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. எச்.டி. போய் 4கே வந்தது. நான்கு கோருக்கு மேல் வேண்டுமென்றால் தனிப் போர்டு, தனி விலை. எட்டு கோர் ஐ7 6900கே 1,000 டாலருக்கு மேல். கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். எதிரில் நின்ற ஏ.எம்.டி.யின் 2011 எஃப்.எக்ஸ். சிப்புகள் எடுபடவில்லை. 2015இல் அந்தக் கம்பெனியின் பங்கே 2 டாலருக்குக் கீழே கிடந்தது. எதிர்க்கடை சாத்திக் கிடந்தால் இருக்கிற ஒரு கடையில் ரேட் எப்படி இருக்கும் என்று மார்க்கெட் போகிற எல்லோருக்கும் தெரியும்.

2017 மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்தது. எட்டு கோர், ஒரு கோருக்கு இரண்டு வேலையாகப் பதினாறு த்ரெட், ரைசன் 7 1700, 329 டாலர். அதே சமயம் இன்டெல்லின் நான்கு கோர் ஐ7 7700கே 339 டாலர். படித்தபோது அச்சுப் பிழையோ என்றுதான் நினைத்தேன். அந்த ஜூனில் கடன் வாங்கி எடுத்தேன். அதற்கு முன் ஒரு முகூர்த்தப் படத்தை ராத்திரி பத்து மணிக்கு ரெண்டர் (எடிட் செய்ததை முழுப் படமாக உருவாக்குவது) போட்டால் காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போதுதான் முடிந்திருக்கும். நடுவில் கரன்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. புது மிஷினில் முதல் படத்தைப் போட்டுவிட்டு வழக்கம்போல் படுக்கப் போனேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், மணி இரண்டரை, பார் முழுதாகப் பச்சையாக நிற்கிறது. என் கணவரை எழுப்பிக் காட்டினேன்.

அந்த அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர் ஐ7 8700கேயை 359 டாலருக்கும், ஆறு கோர் ஐ5 8400ஐ 182 டாலருக்கும் கொண்டுவந்தது. பத்து வருடம் முடியாதது ஏழு மாதத்தில் முடிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொருக்குப்பேட்டை சர்வீஸ்:

தங்கச்சி, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்துவிடாதீர்கள். 2020 நவம்பரில் ஏ.எம்.டி. முன்னுக்கு வந்ததும் என்ன செய்தது? ஆறு கோர் 5600எக்ஸ் 299 டாலர். அதற்கு முந்தைய 3600எக்ஸ் 249 டாலர்தான். பல மாதங்களுக்கு அந்த வரிசையில் அதைவிட மலிவாக ஒன்றும் கடைக்கு வரவில்லை. ஜெயிக்கிறவன் கை எப்போதும் மேல்தான், பெயர் எதுவானாலும்.

விலையை மட்டும் பார்க்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் ஏ.எம்.டி. இன்டெல் மேல் வழக்குப் போட்டது. கம்ப்யூட்டர் செய்யும் பெரிய கம்பெனிகளுக்குத் தள்ளுபடி கொடுத்து எங்கள் சிப்பை வாங்க விடாமல் செய்கிறார்கள் என்பது புகார். 2009 நவம்பரில் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமரசம் செய்துகொண்டது. அதே வருடம் ஐரோப்பிய ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் போட்டது. அதை 2022இல் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்தது, 2024இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எது சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த அபராத வழக்கு முடியப் பதினைந்து வருடம் ஆனது, நம் சந்தில் அதற்குள் எத்தனை கடை மூடியது என்று அண்ணனுக்குத் தெரியும்.

திருவொற்றியூர் மெட்ரோ:

என்னுடையது சின்னது. 2022 மே, காலேஜ் இரண்டாம் வருடம். மெட்ரோ திருவொற்றியூர் வரை வந்துவிட்டதால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நேராக ரிச்சி தெரு. ஜனவரியில் இன்டெல் ஐ5 12400எஃப் 167 டாலருக்கு வந்திருந்தது. ஏப்ரலில் ஏ.எம்.டி. 5600 என்ற புதுச் சிப்பை 199 டாலருக்குக் கொண்டுவந்திருந்தது. கொருக்குப்பேட்டை அண்ணன் சொன்ன அந்த 299 டாலர் நிலைமை அப்படித்தான் உடைந்தது. இரண்டு கடையில் மாறி மாறி ரேட் கேட்டேன். ஒவ்வொருவரும் மற்றவர் சிப்பின் ரேட்டைச் சொன்னதுமே தன் ரேட்டைக் கொஞ்சம் இறக்கினார். கடைசியில் 12400எஃப் எடுத்தேன். மிச்சத்தில் ராம் இரட்டிப்பு.

தண்டையார்பேட்டை அசெம்பிளர்:

எல்லோருக்கும் நன்றி. பெரம்பூர் தங்கச்சி சொன்ன அந்தப் பால் பாக்கெட் நேரம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அந்த 3800+ பற்றி ஒன்று விட்டுப்போனது. நான்கு வருடம் தாங்க வேண்டும் என்று கேட்ட மிஷின் ஒன்பது வருடம் ஓடியது. 2015இல் அக்காவின் மகள், அப்போது வேலையில் இருக்கிறாள், தம்பி முறையுள்ள பையனுக்குக் கொடுக்க வேண்டும், சுத்தம் செய்து கொடுங்கள் அண்ணா என்று கொண்டுவந்தாள். சிப்பின் மேல் சூட்டை இறக்க உட்கார்ந்திருக்கும் கூலரைக் கழற்றும்போது தப்பு செய்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து கல்லாக இருந்தது. மிஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, கூலரை இடமும் வலமும் திருகிவிட்டுத் தூக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் நேராக இழுத்தேன். பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிப் கூலரோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. சிப்பின் அடியில் ஊசி மாதிரி நிற்கும் 940 பின்னில் ஓரமாக ஒரு வரிசை சாய்ந்து கிடந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த உலோகக் குழாயை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இம்மி இம்மியாக நிமிர்த்தினேன். பழைய டெபிட் கார்டின் ஓரத்தை வரிசைகளுக்கு நடுவே விட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பதினொரு பின், முக்கால் மணி நேரம். ஒன்றும் உடையவில்லை. அழுத்தாமல் வைத்தேன், தன் எடையிலேயே சாக்கெட்டில் இறங்கியது.

வியாசர்பாடி பிரவுசிங்:

அண்ணே, பென்சில் 0.5ஆ 0.7ஆ? என்னிடமும் ஒரு பழைய சிப் அப்படித்தான் கிடக்கிறது.

தண்டையார்பேட்டை அசெம்பிளர்:

0.5. நுனி உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் நுனி வளையும். அவசரமில்லாத நாளாகப் பார்த்து உட்காருங்கள். பின் அடியோடு மடங்கியிருந்தால் கை வைக்காதீர்கள், கடைக்கு எடுத்து வாருங்கள்.