மேட்டு லயக் குடும்பக் குழு: கவின் புது ஆளா?

வியாழன், மாலை 6.12

செல்வி: சனிக்கிழமை பாப்பாவின் காதுகுத்துக்கு வேன் நோர்வூட்டில் இருந்து காலை 6 மணிக்குக் கிளம்பும். எத்தனை பேர் என்று இன்றைக்கே சொல்லுங்கள். டிரைவர் சீட் கணக்குக் கேட்கிறார்.

மணி: நாங்கள் 4

புஷ்பா: நாங்கள் 3 என்று சொல்லியிருந்தேன். இப்போது 2. கவின் வரமாட்டானாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததில் இருந்து சோறும் சாப்பிடவில்லை, போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

செல்வி: காய்ச்சலா அண்ணி?

புஷ்பா: இல்லை. போனில் விளையாடுகிறானே, ரூன்ஸ்கேப். அதில் யாரோ இவன் கவசத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். அதைப் பிள்ளைகளின் குழுவில் சொன்னதற்கு பிரசாத் "நூப்" என்று எழுதியிருக்கிறான். அழுகை அதற்குத்தான்.

மணி: நூப் என்றால் கெட்ட வார்த்தையா

ரேகா: ஒன்றும் தெரியாத புது ஆள் என்று அர்த்தம் அப்பா

மணி: அப்படியானால் கெட்ட வார்த்தை இல்லையே

ரேகா: எல்லோர் முன்னாலும் சொன்னால் கெட்ட வார்த்தைதான்

சுரேஷ்: அண்ணி, அவனை எழுப்ப வேண்டாம். நான் சொல்வதை அவன் எழுந்த பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். அந்த விளையாட்டு 2001இல் வந்தது. நான் 2007இல் ஹட்டன் நெட் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடியிருக்கிறேன். இப்போது கவின் போனில் விளையாடுவது அந்த 2007 ஆகஸ்ட் மாதத்து வடிவத்தை வைத்து 2013இல் திரும்பவும் கொண்டுவந்தது.

மணி: ஹட்டனில் டியூஷன் என்றுதானே காசு வாங்கிக்கொண்டு போனாய்

செல்வி: அண்ணா, அது முடிந்த கதை. வேன்.

சுரேஷ்: அதைப் பிறகு பேசலாம் அண்ணா. பிரசாத் மட்டத்தை, அதாவது லெவலை வைத்துப் பேசுகிறான். சண்டை மட்டம் எல்லோருக்கும் 3இல் தொடங்கும், உச்சம் 126. கவின் 50ஐத் தாண்டிவிட்டான். ஆனால் அந்த எண்ணை வைத்து ஆளை எடை போட முடியாது. மீன்பிடி, சமையல், மரம் வெட்டுதல் என்று ஒவ்வொரு தொழிலும் 99 வரை போகும். 99க்கு 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேலே புள்ளி வேண்டும். 92க்கு வந்தவன் அதில் பாதிதான் சேர்த்திருப்பான். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் முடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

மணி: தோடு வாங்கியாச்சா

செல்வி: சுரேஷ் அண்ணன் கொழும்பில் வாங்கிவிட்டார்

மணி: மூத்த தாய்மாமன் நான் இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சுரேஷ்: அண்ணா, பாப்பா உங்கள் மடியில்தான் உட்காரும். கவின் என்ன செய்தான் தெரியுமா? அந்தக் கவசத்தை மார்பில் போட வேண்டுமானால் எல்வார்க் என்ற டிராகனைக் கொல்ல வேண்டும். முதலில் கிழிந்த வரைபடத்தின் 3 துண்டுகளைத் தேட வேண்டும். 2000 காசுக்கு ஓட்டைக் கப்பல் வாங்கி, பலகை அடித்து, ஆள் பிடித்து, கிராண்டோர் தீவுக்குப் போக வேண்டும். நெருப்பைத் தாங்கும் கேடயம் இல்லாமல் போனால் அங்கேயே கருகிவிடுவான். கவின் அதை வாங்கிக்கொண்டு போய்க் கொன்றிருக்கிறான். அப்புறம் கரம்ஜா தீவுக்கு 30 காசு கொடுத்துக் கப்பலில் போய், சிங்கி இறால் பிடித்து விற்று, ஒவ்வொரு துண்டாகக் கவசம் வாங்கியிருக்கிறான்.

புஷ்பா: அதனால்தான் 3 வாரமாகப் பீலிக்கரையில் உட்கார்ந்திருந்தானா! அங்கேதான் சிக்னல் எடுக்கும். இவன் தண்ணீர் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருக்கும்.

பிரசாத்: ஆனால் சித்தப்பா, யாரோ ஒருவன் கேட்டதும் முழுக் கவசத்தையும் கொடுப்பானா? புது ஆள்தான் கொடுப்பான்.

சுரேஷ்: அது சரிதான் பிரசாத், அந்த ஒரு விஷயத்தில் அவன் புது ஆள். ஏமாற்றினவன் "கொடு, தங்கக் கரை போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்" என்றிருக்கிறான். அந்த வேலையை விளையாடுகிற யாராலும் செய்ய முடியாது. கரை போட்ட கவசம் புதிர் தேடி முடிக்கிறவர்களுக்குப் பரிசாகத்தான் வரும். தெரியாதவனுக்கு அதை யார் சொல்வது? 2007இல் என்னை ஒருவன் "புதையல் காட்டுகிறேன்" என்று, ஆளை ஆள் கொல்லக்கூடிய வைல்டர்னஸுக்குள் கூட்டிக்கொண்டு போனான். என் 28 இடத்துப் பை நிறைய சாமான். உள்ளே அவன் கூட்டாளிகள் நின்றார்கள். செத்த பிறகு 3 பொருள்தான் மிஞ்சியது. அன்றைக்கு ஹட்டனில் இருந்து பஸ்ஸில் வரும்போது அழுதிருக்கிறேன்.

மணி: அன்றைக்குத்தான் சாப்பிடாமல் படுத்தாயா. அம்மா சாமி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாரே.

ரேகா: பிரசாத், உன் 110 மட்டத்து விளையாட்டுக் கணக்கை நீ விளையாடியா சேர்த்தாய்? காசு கொடுத்து வாங்கியதுதானே?

மணி: எந்தக் காசு

மணி: பிரசாத்

மணி: எந்தக் காசு என்று கேட்டேன்

ரேகா: விளையாட்டின் தொடக்க ஊர் லம்பிரிட்ஜில் வங்கி எங்கே இருக்கிறது என்று போன வாரம் கவினிடம் கேட்டது இவன்தான். கோட்டையின் மேல்மாடியில் என்று கவின்தான் சொன்னான்.

சுரேஷ்: 110இல் இருந்தும் தெரியவில்லை, பார். 3இல் இருக்கிற கணக்கை 10 வருடம் விளையாடியவன் திறந்தால் அவன் புது ஆள் இல்லை, கணக்குத்தான் புதிது. உன்னுடையது பழைய கணக்கு, நீ புது ஆள். இதை உன்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நீயும் 3இல் இருந்து ஒரு கணக்குத் தொடங்கு, கவின் கூட வருவான்.

ரேகா: அப்பாயி பேசச் சொல்கிறார், நான் எழுதுகிறேன்.

ரேகா: "முதல் நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபோது பெரியவர்கள் மாதிரியே கயிற்றை நெற்றியில் மாட்டிக் கூடையைப் போட்டுக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்குப் பழைய ஆள்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொட்டும்போதுதான் தெரிந்தது, பாதி முற்றின இலை. கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போட்டார், அரை நாள் சம்பளம்தான். மறுநாள் பக்கத்து நிரையில் நின்ற ராக்கம்மா என் விரலைப் பிடித்து, இரண்டு இலையும் மொட்டும் வருகிற இடத்தில் வைத்துக் கிள்ளிக் காட்டினாள். அந்த மாசமே முழுப் பேர். பிரசாத் தம்பிக்கு என்ன காட்டினான் என்று கேள்."

பிரசாத்: சித்தி, கவினிடம் சொல்லுங்கள், நான் எழுதியது பிழை. என்னிடம் கவசம் 2 இருக்கிறது, ஒன்றைக் கொடுக்கிறேன்.

மணி: நீ முதலில் காசுக் கதையைச் சொல்

செல்வி: அண்ணா, பாப்பா உங்கள் மடியிலா, சுரேஷ் அண்ணன் மடியிலா? பூசாரி கேட்கிறார்.

மணி: தோடு வாங்கினவன் மடியில் உட்காரட்டும்

சுரேஷ்: அண்ணா...

இரவு 8.05

புஷ்பா: கவின் எழுந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டான். இப்போது அவன்தான் எழுதுகிறான்.

புஷ்பா: பிரசாத் அண்ணா கவசம் வேண்டாம், இறால் பிடித்து நானே வாங்குகிறேன். புதுக் கணக்குத் தொடங்கினால் சொல்லுங்கள், முதலில் கோழி அடிக்கிற இடம் காட்டுகிறேன். சித்தப்பா, அந்த ஆளை ரிப்போர்ட் பண்ணுவது எப்படி?

சுரேஷ்: பேர் ஞாபகம் இருக்கிறதா? இரு, போன் எடுக்கிறேன்.

செல்வி: அண்ணி, சீட் 2ஆ 3ஆ?

புஷ்பா: சோறு கேட்கிறான். போட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.