புதுப்பிப்பு: ஏர் இன்டேக் மாற்றியபின் ஐடில் ஏறி இறங்கிய சிக்கல் தீர்ந்தது

முன் பதிவின் சுருக்கம்: புது இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) மாட்டியதும் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக நிற்கவில்லை, செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, கோடு பி0171 (எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்ற பிழைக் குறியீடு).

மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) கெடவில்லை. அதைத் தாண்டி, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்திருக்கிறது. ஃப்யூயல் ட்ரிம் (இன்ஜின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் +18%, 2500 ஆர்.பி.எம்.மில் +4%. இப்படி வேகம் ஏறும்போது குறைந்தால் பெரும்பாலும் கசிவுதான். சென்சார் அழுக்கென்றால் லோடு (இன்ஜின் மீதான சுமை) ஏற ஏற ட்ரிம்மும் ஏறும்.

கசிந்தது த்ராட்டில் பாடியை (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஒட்டிய சிலிக்கோன் கப்ளரில் (இணைப்புக் குழாய்). மேலே பார்த்தால் கச்சிதம். அடியில் விளிம்பு மடிந்து, கிளாம்ப் (இறுக்கும் பட்டை) அந்த மடிப்பின் மேலேயே இறுகியிருந்தது. எல்லா கிளாம்பையும் தளர்வாக விட்டு, குழாயை முழுசாகத் தள்ளி, ஃபில்டர் பானட்டில் உரசாதபடி திருப்பியபின் இறுக்குங்கள். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது கண்ணைவிட நம்பகம்.

சென்சாரைக் கழுவ மாஃப் க்ளீனர் மட்டும். பிரேக் க்ளீனர் கூடாது.